குரலை அளக்கும் முள்!

ரேடியோவில் செய்தி ஓடிக்கொண்டிருக்கிறது. அளவான சத்தம். செய்தி முடிந்ததும் ஒரு விளம்பரம் வருகிறது. வீடே அதிர்கிறது! தூளியில் தூங்கிக்கொண்டிருந்த குழந்தை விழித்து அழுகிறது. "டேய், அதைக் கொஞ்சம் குறையேண்டா!" என்று பாட்டி சத்தம் போடுகிறார். பேரன் ஓடிப்போய்க் குமிழைத் திருகிக் குறைக்கிறான். அடுத்தாற்போல் ஒரு நாடகம். இப்போது கதாநாயகி என்ன பேசுகிறாள் என்பது யார் காதிலும் விழவில்லை. மறுபடியும் குமிழைக் கூட்ட வேண்டியிருக்கிறது.

இதில் பேரன் மீது குற்றம் இல்லை. ரேடியோப் பெட்டியின் மீதும் குற்றம் இல்லை. அந்தச் சத்தம் எங்கோ ஒரு ஸ்டூடியோவில், ஒரு மனிதர் தம் விரல்களால் ஏற்றி இறக்கி அனுப்பிய சத்தம். அவர் சரியாக அளந்து அனுப்பினால், வீட்டில் இருக்கும் நாம் குமிழைத் தொடவே வேண்டியதில்லை.

அரிசியை அளக்கப் படி இருக்கிறது. துணியை அளக்க மீட்டர் கோல் இருக்கிறது. குரலை எதைக் கொண்டு அளப்பது?

அதற்கும் ஒரு கருவி உண்டு. ஒரு சின்னக் கண்ணாடிப் பெட்டிக்குள் ஆடும் ஒரு மெல்லிய முள்! கடிகார முள்ளைப் போல அது சுற்றிச் சுற்றி வராது. காற்றில் ஆடும் நாணல் போல இடமும் வலமும் ஆடும். பல பத்து வருஷமாக உலகத்து வானொலி நிலையங்கள் இந்த முள்ளை நம்பித்தான் பேசின, பாடின. பிறகு டிஜிட்டல் வந்தது. முள்ளுக்குப் பதில் பச்சை, மஞ்சள், சிவப்பு விளக்குகள் வந்தன. அங்கேதான் ஒரு பெரிய குழப்பமும் வந்தது. பழைய முள்ளுக்கும் ஒரு பூஜ்யம் உண்டு. புதிய விளக்குக்கும் ஒரு பூஜ்யம் உண்டு. ஆனால் இந்தப் பூஜ்யம் வேறு, அந்தப் பூஜ்யம் வேறு!

கண்ணாடிக்கு இரண்டு பக்கமும்

வானொலி ஸ்டூடியோ என்பது பெரும்பாலும் இரண்டு அறைகள். ஓர் அறையில் மைக். அங்கேதான் பேசுகிறவரும் பாடுகிறவரும் உட்காருகிறார்கள். எதிரொலி கேட்காமல் இருக்கச் சுவரெல்லாம் மெத்தை போன்ற தடுப்பு. நடுவில் கனமான கண்ணாடி. கண்ணாடிக்கு இந்தப் பக்கம் கண்ட்ரோல் ரூம். அங்கே ஒரு மேஜை. அதில் வரிசையாகக் குமிழ்கள். முன்பெல்லாம் வட்டமாகத் திருகும் குமிழ். இப்போது மேலும் கீழும் தள்ளும் குமிழ். ஒவ்வொரு மைக்குக்கும் ஒவ்வொன்று. அவற்றுக்கு எதிரே, கண் பார்வைக்கு நேராக, அளவு மீட்டர்.

மைக் என்ன செய்கிறது? குரலை மின்சாரமாக மாற்றுகிறது. ஆனால் எவ்வளவு மின்சாரம் தெரியுமா? சாதாரணப் பேச்சுக்கு ஒரு வோல்ட்டில் ஆயிரத்தில் ஒரு பங்கு, இரண்டு பங்கு. அவ்வளவே! டார்ச் லைட் பேட்டரி ஒன்றரை வோல்ட் என்பதை நினைத்துப் பார்த்தால், இது எவ்வளவு சொற்பம் என்பது விளங்கும். இந்தச் சொற்ப மின்சாரத்தைப் பெருக்கி, ஏறக்குறைய ஒரு வோல்ட் அளவுக்குக் கொண்டு வந்த பிறகுதான் அதை மற்றக் கருவிகளுக்குள் ஓட விடுகிறார்கள். எவ்வளவு பெருக்குவது என்பதை முடிவு செய்வதுதான் அளவு வைக்கும் வேலை.

கிராமத்திலிருந்து ஒரு தெம்மாங்குப் பாடகி வந்திருக்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். மைக்கைப் பார்த்ததுமே அவருக்குக் கூச்சம்.

"அம்மா, கொஞ்சம் பாடிக் காட்டுங்க. அளவு வச்சுக்கிறேன்" என்கிறார் என்ஜினீயர்.

அம்மா மெல்ல முணுமுணுக்கிறார். "இது போதுமா தம்பி?"

"போதாதும்மா. வயல்ல பாடுற மாதிரியே பாடுங்க. உச்சத்துல வர்ற அடியைப் பாடுங்க."

ஏன் உச்ச அடியைப் பாடச் சொல்கிறார்? முணுமுணுப்புக்கு அளவு வைத்துவிட்டால், நிகழ்ச்சி ஆரம்பித்துக் கூச்சம் தெளிந்து அந்த அம்மா வாய்விட்டுப் பாடும்போது, முள் கடைசி வரை பாய்ந்து முட்டிக்கொண்டு நிற்கும். அனுபவம் உள்ள என்ஜினீயர் ஒத்திகைக் குரலை நம்ப மாட்டார். மேடை ஏறினால் குரல் ஏறும் என்பது அவருக்குத் தெரியும்.

இரண்டு கரைகள்

சத்தம் மிகவும் குறைந்தால் என்ன கெடுதல்? மிகவும் கூடினால் என்ன கெடுதல்?

ஆற்றுக்கு இரண்டு கரை இருப்பது போல ஒலிக்கும் இரண்டு கரை உண்டு. கீழ்க்கரை இரைச்சல். எந்தக் கம்பியிலும், எந்தக் கருவியிலும், "உஸ்" என்று ஓர் இரைச்சல் எப்போதும் இருந்துகொண்டே இருக்கும். மத்திய அலையில் கேட்பவர்களுக்கு இடி மின்னல் நேரத்தில் வரும் கரகரப்பும் சேர்ந்துகொள்ளும். குரலைத் தாழ்வாக அனுப்பினால் அது இந்த இரைச்சலுக்குள் முழுகிப் போகும். புயல் எச்சரிக்கை வாசிக்கிறார்கள்; கடலோரத்தில் ஒரு மீனவர் கேட்கிறார்; "கடலுக்குப் போக" என்பது வரை கேட்டு, "வேண்டாம்" என்பது கரகரப்பில் மறைந்தால் என்ன ஆகும்?

மேல்கரை என்பது கருவியின் சக்தி. ஒவ்வொரு கருவிக்கும் இவ்வளவுதான் தாங்கும் என்று ஓர் எல்லை இருக்கிறது. ஒலிபரப்புக் கோபுரத்துக்கும் உண்டு. எப்.எம். ஒலிபரப்பில், குரலுக்கு ஏற்றபடி அலைவரிசை இருபுறமும் 75 கிலோ ஹெர்ட்ஸ் வரைதான் விலகலாம் என்பது பல நாடுகளில் விதி. நம் நாட்டில் முதல் எப்.எம். ஒலிபரப்பு 1977-ம் ஆண்டு ஜூலை மாதம் சென்னையில்தான் தொடங்கியது என்பது நம்மவர்கள் பெருமையோடு சொல்லிக்கொள்ளக் கூடிய செய்தி. அந்த எல்லையை மீறினால் பக்கத்து நிலையத்துக்காரர் வீட்டுக்குள் நம் சத்தம் நுழையும். நம் குரலும் உடைந்து, தகரத்தைத் தட்டினாற்போல் ஆகும்.

ஆக, முழுகவும் கூடாது; கரை உடைக்கவும் கூடாது. நடுவில் ஓட வேண்டும். அந்த நடு எது என்பதைக் காட்டத்தான் முள்.

முள் பிறந்த கதை

அமெரிக்காவில் ஆரம்ப காலத்தில் ஒவ்வொரு கம்பெனியும் ஒவ்வொரு மாதிரி மீட்டர் வைத்திருந்தது. ஒரே பாட்டு. நியூயார்க்கில் ஒரு அளவு காட்டும். அது டெலிபோன் கம்பி வழியாக வேறு ஊருக்குப் போனதும் அங்குள்ள மீட்டர் வேறு அளவு காட்டும். "நீ அதிகமாக அனுப்புகிறாய்" என்று இவர் சொல்வார். "உன் மீட்டர் தப்பு" என்று அவர் சொல்வார்.

இந்தச் சண்டையைத் தீர்க்க மூன்று பெரிய நிறுவனங்கள் ஒன்று கூடின. டெலிபோன் துறையின் பெல் ஆராய்ச்சிக் கூடம் ஒன்று. மற்ற இரண்டும் போட்டி வானொலிக் கம்பெனிகளான என்.பி.சி., சி.பி.எஸ். போட்டியாளர்கள் என்றாலும் அளவு விஷயத்தில் ஒற்றுமையாக உட்கார்ந்தார்கள். 1939-ம் ஆண்டு ஒரே மாதிரி மீட்டரை ஏற்றுக்கொண்டார்கள். அதுதான் "வி.யு. மீட்டர்". சின், கேனட், மாரிஸ் என்ற மூன்று நிபுணர்கள் அதைப் பற்றி எழுதிய கட்டுரை 1940-ல் வெளிவந்தது. மீட்டரின் முகம் என்ன நிறத்தில் இருந்தால் நாள் முழுவதும் பார்ப்பவர் கண் வலிக்காது என்பதைக் கூட யோசித்து, இளமஞ்சள் கலந்த பாலாடை நிறத்தைத் தேர்ந்தெடுத்தார்கள்!

இந்த மீட்டரில் இடது கோடியில் மைனஸ் 20 என்று இருக்கும். வலது கோடியில் பிளஸ் 3. பிளஸ் 3-க்குக் கொஞ்சம் முன்னால் பூஜ்யம். பூஜ்யத்துக்கு அப்பால் சிவப்பு. இங்கே பூஜ்யம் என்றால் "ஒன்றும் இல்லை" என்று அர்த்தம் இல்லை. "போதும், இதுதான் நல்ல அளவு" என்று அர்த்தம். பள்ளிக்கூடத்தில் பூஜ்யம் வாங்கினால் உதை கிடைக்கும். வானொலி நிலையத்தில் பூஜ்யம் வாங்கினால் சபாஷ்!

அளவுக்குப் பெயர் டெசிபல். டெலிபோனைக் கண்டுபிடித்த கிரகாம் பெல்லின் பெயரால் வந்தது. இதன் கணக்கு சற்று விசித்திரமானது. 3 டெசிபல் கூடினால் சக்தி இரண்டு மடங்கு. 10 டெசிபல் கூடினால் பத்து மடங்கு. 20 கூடினால் நூறு மடங்கு! நம் காதும் ஏறக்குறைய இப்படிப் பெருக்கல் கணக்கில்தான் சத்தத்தை உணர்கிறது. அதனால்தான் இந்தக் கணக்கை வைத்தார்கள்.

வி.யு. முள்ளிடம் ஒரு குணம் உண்டு. அது நிதானமானது. சத்தம் வந்த உடனே பாயாது. தன் இடத்துக்குப் போய்ச் சேர ஒரு வினாடியில் பத்தில் மூன்று பங்கு நேரம் எடுத்துக்கொள்ளும். மிருதங்கத்தில் ஒரு தட்டு. அது இமைப்பதற்குள் முடிந்துவிடுகிறது. முள் பாதி தூரம் போவதற்குள் சத்தம் போய்விடும்! ஆகவே முள் பூஜ்யத்தைக் காட்டும்போது, உண்மையான உச்சம் அதைவிட ஏறக்குறைய 10 டெசிபல் மேலே இருக்கக் கூடும். இது பழைய என்ஜினீயர்களுக்குத் தெரியும். அதற்குத் தக்க இடத்தை மேலே விட்டுத்தான் கருவிகளைச் செய்தார்கள்.

லண்டன் பி.பி.சி.க்காரர்களுக்கு இந்த நிதானம் பிடிக்கவில்லை. 1930-களின் பின்பகுதியில் அவர்கள் வேறு விதமான மீட்டரை உருவாக்கினார்கள். கறுப்பு முகம். வெள்ளை முள். 1 முதல் 7 வரை எண்கள். பூஜ்யமே கிடையாது. இந்த முள் சத்தம் வந்ததும் சட்டென்று துள்ளி மேலே போகும். ஆனால் இறங்கும்போது மெதுவாக, கிட்டத்தட்ட மூன்று வினாடி எடுத்துக்கொண்டு இறங்கும். பார்ப்பவர் உச்சத்தைத் தவற விடாமல் பார்க்கலாம் அல்லவா? 4 என்பது பரிசோதனை அளவு. 6-ஐத் தாண்டக் கூடாது. ஒரு பெரியவரை உட்கார வைத்து இரண்டு எண்களைச் சொல்லிக் கொடுத்தால் போதும். என் அபிப்பிராயத்தில் எல்லா மீட்டர்களிலும் இதுதான் சுலபமானது.

அந்தக் காலத்தில் நம் நாட்டு வானொலிக்கும் பி.பி.சி.க்கும் நெருங்கிய தொடர்பு இருந்தது. பி.பி.சி.யிலிருந்து வந்த லயனல் ஃபீல்டன்தான் 1935-ல் இங்கே ஒலிபரப்புத் துறையின் தலைமைப் பொறுப்பை ஏற்றார். "ஆல் இந்தியா ரேடியோ" என்ற பெயர் 1936-ல் வந்தது. சென்னை நிலையம் 1938-ம் ஆண்டு ஜூன் 16-ந் தேதியும், திருச்சி நிலையம் 1939-ம் ஆண்டு மே 16-ந் தேதியும் பேசத் தொடங்கின.

கோபுரப் படியும் தலை தட்டிய படியும்

இனி டிஜிட்டலுக்கு வருவோம். முதலில் பழைய முறையைப் புரிந்துகொண்டால் புதியது விளங்கிவிடும்.

நெல் அளக்கும் களத்தைப் பார்த்திருப்பீர்கள். மரக்காலில் நெல்லை விளிம்பு வரை போடலாம். அதற்கு மேலும் கோபுரமாகக் குவிக்கலாம். கொஞ்சம் சரியும், சிந்தும். ஆனாலும் விளிம்புக்கு மேல் ஒரு பிடி நிற்கும். பழைய ஒலி நாடாவான டேப் இப்படிப்பட்டது. அளவுக்கு மேல் சத்தம் வந்தால் அது உடனே மறுக்காது. முனகும். குரல் சற்றுத் தடித்துக் கேட்கும். இன்னும் கூட்டினால் கரகரக்கும். கெடுதல் படிப்படியாக வரும். முள் சிவப்பில் கொஞ்சம் நுழைந்தாலும் வீட்டில் கேட்பவருக்குத் தெரியாது. இந்த முறைக்குத்தான் "அனலாக்" என்று பெயர்.

டிஜிட்டல் என்பது தலை தட்டி அளக்கும் படி! விளிம்புக்கு மேல் ஒரு மணி கூட நிற்காது. கட்டையை வைத்து வழித்துத் தள்ளிவிடுவார்கள்.

எப்படி என்று பாருங்கள். டிஜிட்டல் கருவி குரலை எண்களாக எழுதி வைக்கிறது. ஒரு வினாடிக்கு 48 ஆயிரம் தடவை அலையின் உயரத்தை அளந்து, ஒவ்வொரு தடவையும் ஓர் எண் எழுதுகிறது. ஒலிபரப்புத் துறையில் இதுதான் பொதுவான வேகம். சாதாரண 16 பிட் முறையில் அது எழுதக் கூடிய மிகப் பெரிய எண் 32,767. பாடகி குரலை உயர்த்துகிறார். அலையின் உயரம் 40 ஆயிரத்துக்குப் போக வேண்டும். ஆனால் 40 ஆயிரம் என்ற எண்ணே அந்தக் கருவியிடம் இல்லை! என்ன செய்யும்? 32,767 என்று எழுதும். அடுத்த தடவையும் 32,767. அதற்கு அடுத்த தடவையும் 32,767. கோபுரம் போல் இருக்க வேண்டிய அலை மொட்டை மாடி ஆகிவிடும். காதில் கேட்கும்போது, உடைந்த பானையைத் தட்டினாற்போல் "சட், சட்" என்று ஒரு சத்தம்.

இதில் பரிதாபம் என்னவென்றால், போனது போனதுதான். அந்த உச்சம் எங்கேயும் எழுதப்படவில்லை. பிறகு சத்தத்தைக் குறைத்துக் கேட்டாலும் மொட்டை மொட்டையாகவே இருக்கும். சில யந்திரங்கள் ஊகமாக மேலே கொஞ்சம் வரைந்து ஒட்டுப் போடும். அது ஒட்டுத்தான். பாடகி பாடியது அல்ல.

இரண்டு பூஜ்யம்

டிஜிட்டல் மீட்டரின் பூஜ்யம் இந்த விளிம்பில்தான் இருக்கிறது. "முழு அளவு, இனி ஒரு மணி கூடக் கொள்ளாது" என்பதுதான் அதன் அர்த்தம். எனவே டிஜிட்டல் மீட்டரில் எல்லா எண்ணும் மைனஸ்தான். மைனஸ் 10, மைனஸ் 20, மைனஸ் 40 என்று கீழே இறங்கும். பூஜ்யத்துக்கு மேலே எதுவும் இல்லை.

பழைய முள்ளின் பூஜ்யம், "இங்கே நில், நல்ல இடம்" என்றது. புதிய விளக்கின் பூஜ்யம், "இங்கே வராதே, ஆபத்து" என்கிறது. முப்பது வருஷம் முள்ளைப் பூஜ்யத்தில் நிறுத்திப் பழகிய கை, டிஜிட்டல் மீட்டரிலும் பூஜ்யம் வரை ஏற்றினால் என்ன ஆகும்? குரலின் தலையெல்லாம் சீவப்படும்! டிஜிட்டல் புதிதாக நுழைந்த காலத்தில் இந்தத் தடுமாற்றம் சகஜமாக இருந்தது.

இதற்கு ஒரு வழி செய்தார்கள். இரண்டு பூஜ்யத்துக்கும் நடுவே எவ்வளவு இடைவெளி விட வேண்டும் என்று விதி வகுத்தார்கள். உயரமானவர் வீட்டுக்குள் நுழையும்போது நிலையில் தலை இடிக்காமல் இருக்க, வாசலை உயர்த்திக் கட்டுவது போல. அமெரிக்காவில் பழைய முள்ளின் பூஜ்யத்தை டிஜிட்டலில் மைனஸ் 20 என்ற இடத்தில் வைத்தார்கள். ஐரோப்பாவில் பரிசோதனை அளவை மைனஸ் 18 என்ற இடத்தில் வைத்தார்கள். பி.பி.சி. மீட்டரின் 4 என்பதும் இந்த மைனஸ் 18-ம் ஒன்று. தாண்டக் கூடாத 6 என்பது மைனஸ் 10 ஆகிறது. அதற்கு மேலும் 10 டெசிபல் காலியிடம் இருக்கிறது, திடீர் உச்சங்களுக்காக.

"இவ்வளவு இடத்தைச் சும்மா விடலாமா? வீண் அல்லவா?" என்று சிலர் கேட்பார்கள். வீண் இல்லை. 16 பிட் முறையில் விளிம்புக்கும் அடிமட்டத்துக்கும் நடுவே ஏறக்குறைய 96 டெசிபல் இருக்கிறது. அதில் 20 போனாலும் 76 மிச்சம். பழைய டேப்புக்கு அது எந்த விதத்திலும் குறைவில்லை. இப்போது ஸ்டூடியோக்களில் 24 பிட் வந்துவிட்டது. அதில் எழுதக் கூடிய படிகளின் எண்ணிக்கை ஒரு கோடியே 67 லட்சத்துக்கும் மேல்! அங்கே இடத்துக்குப் பஞ்சமே இல்லை.

மைனஸ் 18, மைனஸ் 20 என்று பார்த்தால் 2 டெசிபல் வித்தியாசம்தானே என்று தோன்றும். அங்கேயும் ஒரு பொறி உண்டு. அமெரிக்கர்கள் தங்கள் பூஜ்யத்துக்கு வைத்த மின்சாரம் 1.23 வோல்ட். ஐரோப்பியர்கள் வைத்தது 0.775 வோல்ட். இரண்டையும் சேர்த்துக் கணக்குப் போட்டால், டிஜிட்டல் விளிம்பைத் தொட அமெரிக்கக் கருவிக்கு 12 வோல்ட்டுக்குச் சற்று மேல் வேண்டும். ஐரோப்பியக் கருவிக்கு 6 வோல்ட்டுக்குச் சற்று மேல் போதும். சரியாக இரண்டு மடங்கு! ஒரு நிலையத்தில் அமெரிக்க முறையில் அளவு வைத்த கருவியிலிருந்து ஐரோப்பிய முறையில் அளவு வைத்த கருவிக்குக் கம்பி இழுத்தால், 6 டெசிபல் கூடுதலாகப் போய் விழும். இரண்டு கருவியும் நல்ல கருவி. இரண்டு மீட்டரும் நல்ல மீட்டர். ஆனாலும் குரல் உடையும்! என்ஜினீயர்கள் தலையைப் பிய்த்துக்கொள்ளும் இடம் இது.

இதைக் கண்டுபிடிக்க ஒரு பழைய வழி இருக்கிறது. ஒரு வினாடிக்கு ஆயிரம் தடவை அதிரும் ஒரே சீரான "பீ..." என்ற ஒலியை முதல் கருவியில் விடுகிறார்கள். அது ஸ்டூடியோ, கண்ட்ரோல் ரூம், பதிவு யந்திரம், ஒலிபரப்புக் கோபுரம் என்று ஒவ்வொன்றாகக் கடந்து போகிறது. ஒவ்வோர் இடத்திலும் மீட்டர் அதற்குரிய அளவைக் காட்ட வேண்டும். எங்கே கூடுகிறதோ குறைகிறதோ, அங்கே திருகைத் திருப்பிச் சரி செய்ய வேண்டும். பேச்சை விட்டு ஏன் "பீ..." ஒலி? பேச்சு ஏறி இறங்கும். நிதான முள் ஒன்று சொல்லும், துள்ளல் முள் வேறொன்று சொல்லும். சீரான ஒலியில் எல்லா முள்ளும் ஒரே வாக்குச் சொல்லும்.

பனைமரமும் மதில் சுவரும்

சரி, அந்த விளம்பரச் சத்தம் ஏன் வீட்டை அதிர வைத்தது? விளம்பரம் அளவை மீறியதா?

மீறவில்லை! அதுதான் தந்திரம். ஒரு தனிப் பனைமரத்தை நினைத்துக்கொள்ளுங்கள். அதே உயரத்தில் ஒரு நீண்ட மதில் சுவரையும் நினைத்துக்கொள்ளுங்கள். உயரத்தை மட்டும் அளந்தால் இரண்டும் ஒன்று. ஆனால் நிழல்? பனைமர நிழலில் ஒரு ஆள் ஒதுங்கலாம். மதில் நிழலில் ஊரே உட்காரலாம். சாதாரணப் பேச்சு பனைமரம் போல. எப்போதாவது ஓர் உச்சம், மற்ற நேரம் தாழ்வு. விளம்பரக்காரர்கள் என்ன செய்கிறார்கள்? யந்திரத்தின் உதவியால் தாழ்ந்த இடங்களையெல்லாம் தூக்கி நிறுத்தி மதில் சுவராக்கி விடுகிறார்கள். உச்சத்தை அளக்கும் மீட்டர், "விதிக்கு உட்பட்டதுதான்" என்று சொல்லிவிடும். காது மட்டும் "ஐயோ" என்று சொல்லும்.

எனவே உயரத்தைப் பார்க்காமல் நிழலை அளக்கும் மீட்டர் தேவைப்பட்டது. சர்வதேசத் தொலைத்தொடர்பு சங்கம் 2006-ல் அதற்கு ஒரு கணக்கை வெளியிட்டது. மனிதக் காது கனமான ஒலியைவிடக் கூரிய ஒலியை எளிதில் உணர்கிறது என்பதையும் அந்தக் கணக்கில் சேர்த்துக்கொண்டார்கள். ஐரோப்பிய ஒலிபரப்பாளர் சங்கம் 2010-ல், இந்தப் புதுக் கணக்குப்படி ஒவ்வொரு நிகழ்ச்சியும் சராசரியாக மைனஸ் 23 என்ற அளவில் இருக்க வேண்டும் என்று பரிந்துரை செய்தது. செய்தியானாலும் சரி, நாடகமானாலும் சரி, விளம்பரமானாலும் சரி, எல்லாருக்கும் ஒரே படி! மதில் சுவர் கட்டுகிறவருக்கு இனி லாபம் இல்லை. சுவரை நீளமாகக் கட்டினால், அதன் உயரத்தைக் குறைத்துவிடுவார்கள்.

அமெரிக்காவில் இதற்குச் சட்டமே வந்தது. விளம்பரம் நிகழ்ச்சியைவிட உரக்க இருக்கக் கூடாது என்ற சட்டம் 2010 டிசம்பரில் கையெழுத்தாகி, 2012 டிசம்பரில் அமலுக்கு வந்தது. ஆனால் அது டெலிவிஷனுக்கு மட்டும். ரேடியோவுக்குச் சட்டம் போட மறந்தார்களோ, மனம் வரவில்லையோ!

ஒரு தடவைதான் ஓடும்

அளவு வைப்பதில் பிசகினால் ஒரு நாள் ஒலிபரப்பு கெடும். மறுநாள் திருத்திக்கொள்ளலாம். ஆனால் திருத்தவே முடியாத வேலை ஒன்று இருக்கிறது. அது பழைய டேப்புகளை டிஜிட்டலுக்கு மாற்றும் வேலை.

உலகெங்கும் வானொலி நிலையங்களின் அலமாரிகளில் லட்சக்கணக்கான டேப்புகள் கிடக்கின்றன. மறைந்த வித்வான்களின் கச்சேரிகள், தலைவர்களின் பேச்சுகள், இன்று பாட ஆள் இல்லாத நாட்டுப் பாடல்கள். டேப்புக்கு ஆயுள் உண்டு. சில பழைய டேப்புகள் சுருங்கி, வினிகர் போலப் புளித்த வாடை அடிக்கும். சில டேப்புகளில் மேல்பூச்சு பிசுபிசுத்து யந்திரத்தில் ஒட்டிக்கொண்டு உரிந்து வரும். அப்படிப்பட்ட டேப்பை ஓட்டினால், அந்த ஓட்டமே கடைசி ஓட்டமாக இருந்துவிடலாம்.

அந்த நேரத்தில் அளவை அதிகமாக வைத்துவிட்டால்? வித்வான் மேல் ஸ்தாயியில் நின்று பாடிய இடத்தை டிஜிட்டல் யந்திரம் மொட்டையாக எழுதிக்கொள்ளும். மறுபடி ஓட்டலாம் என்றால் டேப் இல்லை. அவரும் இல்லை. டேப் காலத்தில் தப்பிப் பிழைத்த குரல், காப்பாற்றப் போன இடத்தில் தலையிழந்து போகும். இதற்காகத்தான் ஒலிப் பாதுகாப்பு நிபுணர்களின் சர்வதேசச் சங்கம் இந்த வேலைக்கு 24 பிட் முறையையே உபயோகிக்கச் சொல்கிறது. அதில் அளவைத் தாராளமாகக் கீழே வைக்கலாம். குறைவாக எழுதியதைப் பிறகு உயர்த்திக்கொள்ளலாம். சீவியதை ஒட்ட முடியாது.

உங்கள் வீட்டு ஸ்டூடியோ

இன்று ஒவ்வொரு வீட்டிலும் ஓர் ஒலிப்பதிவு யந்திரம் இருக்கிறது. கைப்பேசிதான்! பாட்டியின் தாலாட்டு, தாத்தா சொல்லும் குலதெய்வக் கதை, குழந்தையின் மழலை எல்லாம் அதில் பதிகிறார்கள். அதுவும் டிஜிட்டல்தான். எனவே வானொலி நிலையத்து விதி இங்கேயும் செல்லும்.

பாட்டியைப் பாடச் சொல்லும்போது கைப்பேசியை அவர் வாய்க்கு நேராக ஒட்டிப் பிடிக்காதீர்கள். ஒன்றரைச் சாண் தள்ளி, கொஞ்சம் பக்கவாட்டில் வையுங்கள். வாய்க்கு நேராக இருந்தால் "ப" வரும் இடமெல்லாம் மூச்சுக் காற்று படீர் படீர் என்று மோதும். மின்விசிறியை நிறுத்திவிடுங்கள். பல கைப்பேசிகள் சத்தத்தைத் தாமாகவே ஏற்றி இறக்கும். பாட்டி மூச்சு வாங்க நிறுத்தும்போது, யந்திரம் ஆவலாகக் காதைத் தீட்டிக்கொண்டு விசிறிச் சத்தத்தைப் பெரிதாக்கிப் பதிந்துவிடும். அளவு காட்டும் மீட்டர் உள்ள செயலியாக இருந்தால், பாட்டியைத் தாலாட்டின் உச்சமான அடியை முதலில் ஒரு தடவை பாடச் சொல்லுங்கள். அப்போது விளக்கு மஞ்சளைத் தொடலாம். சிவப்பைத் தொடக் கூடாது. தொட்டால் கைப்பேசியை இன்னும் ஒரு சாண் தள்ளி வையுங்கள். பிறகு முதல் அடியிலிருந்து பாடச் சொல்லுங்கள்.